கேமரா ஆஃப், மைக் ஆஃப், சர்டிபிகேட் ஆன்

"மேடம், ஃபீட்பேக் லிங்க் ப்ளீஸ்."

போன ஞாயித்துக்கிழமை ஒரு ஆன்லைன் வகுப்பு. தற்கொலை எண்ணத்தோட வர்றவங்ககிட்ட எப்படிப் பேசறது, ஆபத்து எவ்வளவுன்னு எப்படிக் கணிக்கறது, இதான் தலைப்பு. பேசினவர் இந்த வேலைல ஊறிப்போனவர். ஸ்லைடு கம்மி, அனுபவம் ஜாஸ்தி. நேரடியாக் கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயப்பட வேணாம், தாராளமா கேளுங்கன்னார். ஆனா "இல்ல"ன்னு பதில் டக்குனு வந்து விழுந்தா அங்கேயே நின்னுடாதீங்கன்னும் சொன்னார். சொல்லிட்டு, அந்த "இல்ல"க்கு அப்புறம் என்ன கேக்கணும்ங்கற இடத்துக்கு வந்தார். நான் பேனா மூடியைத் தொறந்தேன்.

அந்த நேரம் பாத்து சாட்ல அடைமழை.

"லிங்க் ஓப்பன் ஆகல."

"சார், என் இனிஷியல் பேருக்குப் பின்னாடி வரணும்."

"குட் மார்னிங் ஃப்ரம் தேனி."

"சர்டிபிகேட் இன்னிக்கே வருமா?"

"ஆடியோ நாட் கிளியர்." (அவருக்கு மட்டும்.)

"ஃபீட்பேக் லிங்க் ப்ளீஸ்." (மறுபடியும்.)

வகுப்பு தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகல. எதுக்கு ஃபீட்பேக் குடுப்பீங்க சாமி? அவர் போட்டிருந்த சட்டைக்கா?

கடைசில நடத்தினவங்களே மிரண்டுபோய், பேசிட்டிருந்தவரை நடுவுல நிறுத்தி, "லிங்க் கடைசி பத்து நிமிஷத்துல வரும், யாரும் லீவ் ஆகிடாதீங்க"ன்னு அறிவிப்பு குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவரால விட்ட எடத்தைப் புடிக்க முடியல. அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டார்.

கடுப்புல எழுதறேன். பொறுத்துக்கோங்க.

இந்தத் துறைல இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் ஒரு மருத்துவ உளவியலாளர், மதுரைல. க்ளினிகல் சைக்காலஜிஸ்ட்னு சொன்னாத்தான் ஜனங்களுக்குப் புரியுது (சொன்ன உடனே "அப்ப என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்"பாங்க, அது தனிப் பதிவு). எங்களுக்குப் பதிவு குடுக்கிறது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ. 1992ல வந்த சட்டப்படி அமைஞ்சது. சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க, நாங்க எல்லாரும் ஒரே பதிவேட்டுலதான் இருக்கோம். அந்தப் பதிவை 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். புதுப்பிக்கணும்னா சிஆர்இ (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளி சேத்து வெச்சிருக்கணும். கவுன்சில் ஒப்புதல் குடுத்த வகுப்புக்குப் போனாத்தான் புள்ளி. டாக்டர்களுக்கும் இதே மாதிரி உண்டு. 2002ல வந்த மருத்துவர் நடத்தை விதிகள்லயே 5 வருஷத்துக்கு 30 மணி நேரம்னு போட்டிருக்கு. மனநல மருத்துவர்களும் அந்தக் கணக்குலதான் வருவாங்க.

கவுன்சலர்னு போர்டு வெச்சிருக்கிறவங்க கதை வேற. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல மனநல நிபுணர் யார்னு ஒரு பட்டியல் இருக்கு. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர்னு போகும். கவுன்சலர்ங்கற பேரை அதுல தேடினா கிடைக்காது. 2021ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துலதான் அவங்களையும் மத்த உளவியலாளர்களையும் உள்ள கொண்டுவந்திருக்காங்க. அது முழுசா நடைமுறைக்கு வர்ற வரைக்கும், கவுன்சலருக்குப் புதுப்பிக்கற தொல்லையே கிடையாது. ஆனா வேடிக்கை என்னன்னா, வெபினார்ல பாதிப் பேர் அவங்கதான். கட்டாயம் இல்லாமலே வர்றாங்க பாருங்க, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. (லிங்க் கேக்கிறவங்கள்ல அவங்களும் உண்டுங்கறது வேற விஷயம்.)

எங்கம்மாவுக்கு இதெல்லாம் சொல்லி முடியல.

"கல்யாணம் ஆகி புள்ள பெத்து, எம்.ஃபில். முடிச்சு, ஆஸ்பத்திரில வேல பாத்தாச்சு. இன்னும் என்னடி படிப்பு ஞாயித்துக்கிழமைல?"

"புள்ளி சேக்கணும்மா."

"புள்ளியா? வாசல்ல நான் வெக்கறேன் பாரு, தினம் அம்பது புள்ளி. அதுக்கு எவனாவது காயிதம் குடுத்தானா?"

நியாயமான கேள்வி.

ஆன்லைனுக்கு நான் எதிரி இல்லீங்க. முதல்லயே சொல்லிடறேன். கொரோனாவுக்கு முன்னாடி சிஆர்இ-ன்னா என்னன்னு நெனச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ். காலைல ஏதோ ஒரு லாட்ஜ்ல குளியல். பதிவுக் கட்டணம், சாப்பாடு, ஆட்டோ. கைல ஒரு ஜூட் பை, அதுக்குள்ள ஒரு நோட்டு, எழுதாத ஒரு பேனா. ரெண்டு நாள் கிளினிக் மூடல். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கிற பொம்பளைங்களுக்கு இதெல்லாம் கனவு. ராமநாதபுரத்துல தனியா ஒரு சிறப்புப் பள்ளியை இழுத்துட்டிருக்கிறவங்க எப்படி வருவாங்க? ஆன்லைன் வந்ததும்தான் பல பேரோட பேரையே நான் முதல் தடவையா பாத்தேன். பேரைத்தான், ஏன்னா கேமரா ஆஃப்.

ஆனா அந்தப் பஸ் பயணத்துல ஒண்ணு இருந்துச்சு. டீ இடைவேளை. சமோசாவைக் கைல வெச்சுக்கிட்டு, "எனக்கு ஒரு கேஸ் இருக்கு, என்ன பண்றதுன்னே தெரியல"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். பக்கத்துல நாலு பேர் கூடிடுவாங்க. மேடைல கேட்டது ஊர் போறதுக்குள்ள மறந்துடும், சமோசாகிட்ட கேட்டது வருஷக்கணக்கா நிக்கும். ஆன்லைனுக்கு மாத்தினவங்க மேடைப் பேச்சைப் பத்திரமா மாத்திட்டாங்க. டீ இடைவேளையை விட்டுட்டாங்க. "பத்து நிமிஷம் பிரேக்"னு ஸ்லைடு போடறாங்க, எல்லாரும் தனித்தனியா எந்திரிச்சுப் போய் குக்கர் விசில் எண்ணிட்டு வர்றோம்.

சரி, வெபினார்தான் சரியில்ல, வெளிநாட்டு வகுப்பு பாப்போம்னு கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போனேன்.

அமெரிக்கால இது பெரிய சந்தை. அங்க ஒவ்வொரு மாகாணமும் ஒரு கணக்கு வெச்சிருக்கு. கலிபோர்னியால குடும்ப சிகிச்சை உரிமம் வெச்சிருக்கிறவங்க 2 வருஷத்துக்கு 36 மணி நேரம் காட்டணும். அதனால கடை கடையா வகுப்பு. பதிவு பண்ணின வீடியோ, அதுக்குக் கீழ ஒரு குவிஸ், பாஸ் பண்ணினா சர்டிபிகேட். வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டலாம். நானும் ஓட்டினேன், பேசறவர் டென்ஷன்ல இருக்கிற மாதிரியே தெரிஞ்சார், அதுவும் பதற்றத்தைக் குறைக்கற வழிகளைப் பத்தின வகுப்பு.

குவிஸ் ரகசியம் ஒண்ணு சொல்றேன். "மேற்சொன்ன அனைத்தும்"னு ஒரு விடை இருந்தா அதைத் தட்டுங்க. ரொம்ப நீளமா ஒரு விடை இருந்தா அதைத் தட்டுங்க. வீடியோ பாக்காமலே பாஸ்.

நல்ல வகுப்புகளும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. பேசறவங்க தெளிவு. ஆதாரம் இல்லாம எதையும் சொல்ல மாட்டாங்க. ஆனா கூடவே வர்ற உலகம் வேற. ஒரு வகுப்பு, எல்லைகள் வகுக்கறதைப் பத்தி. உதாரணத்துல வர்ற பொண்ணு தனி அபார்ட்மெண்ட்ல இருக்கா, அம்மா போன் பண்ணினா எடுக்க வேண்டாம்னு முடிவு பண்றா, எல்லை வந்துடுச்சு, சுபம். எங்கிட்ட வர்ற பொண்ணு உசிலம்பட்டில கூட்டுக் குடும்பத்துல இருக்கா. ஒரே பாத்ரூம். போன் மாமியார் கைல. செஷனுக்கு அவளைக் கூட்டிட்டு வந்ததே நாத்தனார்தான், ஃபீஸ் கட்டினது சித்தப்பா, அவர் வெளிய உக்காந்து "என்ன சொன்னா?"ன்னு கேக்கறதுக்குக் காத்துட்டிருக்கார். இங்க எல்லையை எங்கேருந்து ஆரம்பிக்க? சித்தப்பாகிட்ட ரகசியத்தைக் காப்பாத்தறதுலேருந்து ஆரம்பிக்கணும். அவர் கோவிச்சுக்கிட்டா அடுத்த செஷனே இல்ல. 2017 சட்டத்துல ரகசியக் காப்பு நோயாளியோட உரிமைன்னு இருக்கு. சித்தப்பாகிட்ட சட்டப் பிரிவைக் காட்டவா முடியும்? அதை நயமா செய்யற வித்தை ஒண்ணு இருக்கு. அதுக்கு யாரும் வகுப்பு நடத்தல, புள்ளியும் கிடையாது.

மூணாவது ரகம் இருக்கு பாருங்க. இன்ஸ்டாகிராம் விளம்பரம். "ரெண்டே நாள்ல சர்டிஃபைட் ட்ராமா தெரபிஸ்ட் ஆகுங்கள். தகுதி: பன்னிரண்டாம் வகுப்பு. முதல் ஐம்பது பேருக்குத் தள்ளுபடி." அதுக்குள்ள நான் சேரல, ஆனா ஒரு மாதிரி சர்டிபிகேட் படம் போட்டிருந்தாங்க. தங்க பார்டர், நடுவுல மூளைப் படம், மூணு கையெழுத்து, அஞ்சு லோகோ. கல்யாணப் பத்திரிகை தோத்துடும்.

ரெண்டு நாள்ல ட்ராமாவா? ஒப்பிட ஒரு விஷயம் சொல்றேன். இஎம்டிஆர்னு ஒரு சிகிச்சை முறை. கண்ணை இடவலமா அசைக்க வெச்சுக்கிட்டே கொடுமையான நினைவுகளைக் கையாள்றது. பிரான்சின் ஷபிரோ 1980கள் கடைசில உருவாக்கினது. அதுக்கு அமெரிக்காவுல இருக்கிற சங்கம் வெச்சிருக்கிற அடிப்படைப் பயிற்சிக் கணக்கு என்ன தெரியுமா? 20 மணி நேரம் பாடம். 20 மணி நேரம் மேற்பார்வைல ஒருத்தருக்கொருத்தர் செஞ்சு பாக்கறது. அதுக்கப்புறம் உங்க கேஸ்களைக் கொண்டுவந்து பெரியவங்ககிட்ட கலந்து பேசறது 10 மணி நேரம். இதுவும் சேந்தாத்தான் அடிப்படைப் பயிற்சியே முடிஞ்ச கணக்கு. அதுலயும் பாடத்துக்கு நிகரா செஞ்சு பாக்கறதுக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க பாருங்க, அந்த விகிதத்தைத்தான் நான் சொல்ல வர்றேன்.

இங்கதான் என் கடுப்புக்கு ஆராய்ச்சி ஆதரவு கிடைச்சுது.

வில்லியம் மில்லர்னு ஒருத்தர். குடியை விடறதுக்கு உதவற, வற்புறுத்தாம ஊக்கப்படுத்திப் பேசற முறையை உருவாக்கினவர் (ஸ்டீபன் ரோல்னிக்கும் சேந்து வளத்தது). சொந்தமா ஒரு முறையைக் கண்டுபிடிச்சவங்க வழக்கமா என்ன பண்ணுவாங்க? ஊர் ஊரா வகுப்பு எடுத்து, ஃபீட்பேக் பேப்பர்ல "அருமை"ன்னு வாங்கிட்டுப் போவாங்க. இந்த மனுஷன் தன் வகுப்பு உண்மையிலேயே வேலை செய்யுதான்னு டேப் போட்டுக் கேட்டார். 2001ல வந்த சின்ன ஆய்வு அது. வகுப்புக்கு வந்தவங்க நிறையக் கத்துக்கிட்டோம்னு சொன்னாங்க. டேப்ல பாத்தா மாற்றம் கொஞ்சூண்டு. எதிர்ல உக்காந்திருந்த கிளையண்டுகளோட பேச்சுல மாற்றமே இல்ல.

வேற ஆளா இருந்தா அந்த டேப்பை எரிச்சிருப்பார். இவர் அடுத்த ஆய்வு பண்ணினார். 2004ல வந்துச்சு. போதைப் பழக்கத்துக்கு சிகிச்சை குடுக்கிறவங்க 140 பேர். ஒரு குழுவுக்கு ரெண்டு நாள் பட்டறை மட்டும். ஒரு குழுவுக்குப் பட்டறையோட அவங்க டேப்பைக் கேட்டுட்டு எழுத்துல கருத்து. இன்னொரு குழுவுக்குப் பட்டறையோட தனிப் பயிற்சி. இன்னொண்ணுக்கு எல்லாமே. மிச்சம் ஒரு குழுவை, புத்தகமும் வீடியோவும் குடுத்து நீங்களே படிச்சுக்கோங்கன்னு விட்டாச்சு. பட்டறைக்கு அப்புறம் கருத்தோ பயிற்சியோ கிடைச்சவங்கதான் திறமையை நல்லாப் புடிச்சு வெச்சிருந்தாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது கடைசிக் கண்டுபிடிப்பு. "நான் இதுல கெட்டிக்காரன்"னு அவங்களே குடுத்துக்கிட்ட மதிப்பெண்ணுக்கும், டேப்ல தெரிஞ்ச திறமைக்கும் சம்பந்தமே இல்ல.

சம்பந்தமே இல்ல!

அப்ப நம்ம ஃபீட்பேக் ஃபார்ம் என்னத்த அளக்குது? "இந்த வகுப்பால் உங்கள் திறன் மேம்பட்டதா? 1 முதல் 5 வரை." எல்லாரும் அஞ்சு. அஞ்சு போடலேன்னா சர்டிபிகேட் வராதோன்னு ஒரு பயம் வேற.

இன்னொரு ஆய்வு இருக்கு, 2012ல வந்தது. அமெரிக்காவுல 129 மனநல நிபுணர்கள்கிட்ட, மத்தவங்களோட ஒப்பிட்டா நீங்க எங்க நிக்கறீங்கன்னு கேட்டாங்க. கால்வாசிப் பேர் தன்னை உச்சாணியில இருக்கிற பத்து சதவீதத்துல வெச்சுக்கிட்டாங்க. சராசரிக்குக் கீழன்னு சொன்னவங்க ஒருத்தர்கூட இல்ல. நம்ம தொழிலே அடுத்தவங்களுக்கு சுயபரிசோதனை சொல்லிக் குடுக்கறது!

அனுபவம் கூடினா தானா சரியாயிடும்னு ஒரு நெனப்பு நமக்கு உண்டு. 2016ல வந்த ஆய்வு அதுலயும் மண்ணை அள்ளிப் போட்டுச்சு. 170 சிகிச்சையாளர்கள், அவங்ககிட்ட வந்த 6,591 பேர், வருஷக் கணக்கா பின்தொடர்ந்து பாத்தது. அனுபவம் ஏற ஏற பலன் ஏறல. சராசரியா பாத்தா ரொம்ப லேசா இறங்கியே இருந்துச்சு. (ரொம்ப லேசாத்தான். பயந்து கிளினிக்கை மூடிடாதீங்க. சில பேர் வருஷத்துக்கு வருஷம் மேலயும் போயிருக்காங்க.)

ஏன் இப்படி? எனக்குத் தோணற காரணம் ரொம்ப எளிமை. நாம கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாக்கறோம். சாத்தித்தான் ஆகணும். ஆனா அதனாலயே நாம பேசறதை வேற யாரும் கேக்கறதில்ல. கிளையண்டும் சொல்ல மாட்டார், அடுத்த வாரம் வராம இருந்துடுவார், அவ்வளவுதான். வண்டி லைசென்ஸுக்குக்கூட ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டுக் காட்டணும். எங்ககிட்ட யாரும் எட்டு போடச் சொல்றதில்ல, சாலை விதிகளைப் பத்தின வெபினார் பாத்தியான்னுதான் கேக்கறாங்க.

இதுல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் கேட்டு, பாத்து, திருத்தறதுக்கு ஆன்லைனை மாதிரி வசதி வேற எதுவும் இல்ல. மேற்பார்வை பண்ணத் தெரிஞ்சவங்க பெங்களூர்லயும் சென்னைலயும் இருக்காங்க. கேஸ் பாக்கறவங்க போடிலயும் பரமக்குடிலயும் இருக்காங்க. நடுவுல இருந்த பஸ்ஸை இன்டர்நெட் தூக்கிடுச்சு. தூக்கினப்புறம் அதுல எதை ஓட்டறோம்? ஐநூறு பேரை மியூட் பண்ணிட்டு ஒருத்தர் பேசறார்.

வேற மாதிரி பண்ணலாம்னு காட்டினவங்க இருக்காங்க. சஞ்சீவ் அரோரான்னு ஒரு கல்லீரல் மருத்துவர். இங்க படிச்சுட்டு அமெரிக்கா போனவர், நியூ மெக்சிகோ மாகாணத்துல வேலை. அங்க ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பாக்கறதுக்கு மாசக்கணக்கா காத்திருக்கணும், நூத்துக்கணக்கான மைல் கார் ஓட்டிட்டு வரணும். 2003ல ஒரு வேலை பண்ணினார். நோயாளிகளை வர வைக்கிறதுக்குப் பதிலா, கிராமத்துல இருக்கிற டாக்டர்களை வாராவாரம் வீடியோல கூப்பிட்டார். பாடம் கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் அவங்க கேஸ். அவங்க சொல்லுவாங்க, நிபுணர்களும் மத்த கிராமத்து டாக்டர்களும் சேந்து யோசிப்பாங்க. அடுத்த வாரம் வந்து என்ன ஆச்சுன்னு சொல்லணும். இதுக்கு எக்கோன்னு பேரு. 2011ல 407 நோயாளிகளை வெச்சு வந்த ஆய்வுல, பல்கலைக்கழக நிபுணர்கள்கிட்ட சிகிச்சை எடுத்தவங்கள்ல 57.5 சதவீதம் பேருக்கும், கிராமங்கள்லயும் சிறைகள்லயும் எக்கோ டாக்டர்கள்கிட்ட எடுத்தவங்கள்ல 58.2 சதவீதம் பேருக்கும் வைரஸ் ஒழிஞ்சிருந்துச்சு. எந்த வித்தியாசமும் இல்லன்னுதான் அர்த்தம். ஆனா கார் ஓட்ட வேண்டிய அவசியம் இல்ல.

பெங்களூர் நிம்ஹான்ஸ் இதே முறையை மனநலத்துக்குக் கொண்டுவந்துச்சு. 2018ல டிஜிட்டல் அகாடமின்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர்னு ஒவ்வொருத்தருக்கும் படிப்பு. நம்ம நாட்டுக்கு இது ஆடம்பரம் இல்ல. அதே நிம்ஹான்ஸ் 2015-16ல நடத்தின தேசிய மனநலக் கணக்கெடுப்புல (12 மாநிலங்கள், தமிழ்நாடும் உண்டு), சிகிச்சை கிடைக்காதவங்க விகிதம் நோயைப் பொறுத்து 70லேருந்து 92 சதவீதம் வரைக்கும்னு வந்துச்சு. அவ்வளவு பேருக்கும் எம்.ஃபில். முடிச்சவங்களை உக்கார வைக்க முடியாது. இருக்கிற ஆளுங்களைத்தான் தேத்தணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சமூகப் பணியாளர், தென் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரில இருக்கார், இந்த மாதிரி கேஸ் பேசற வகுப்பு ஒண்ணை முடிச்சார். அவர்கிட்ட கேட்டேன், எப்படிண்ணே இருந்துச்சுன்னு.

"வகுப்புல தூங்க முடியாதும்மா. எப்ப நம்ம கேஸைக் கேப்பாங்கன்னு தெரியாது. கேஸ் இல்லேன்னாலும், அடுத்தவன் கேஸ் நம்ம கேஸ் மாதிரியே இருக்கும்."

இதைவிட நல்ல ஃபீட்பேக் ஃபார்ம் நான் பாத்ததில்ல.

சரி, எல்லாருக்கும் அப்படி எடம் கிடைக்குமா? கிடைக்காது. அதனால நாங்க சில பேர் சேந்து ஒரு சின்னக் குழு ஆரம்பிச்சோம். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், நாகர்கோவில். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஜூம்ல. புள்ளி கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. கேமரா ஆன்ல இருக்கணும்ங்கறது மட்டும் சட்டம்.

முதல்ல கேஸ் பேசிப் பாத்தோம். சரியா வரல. கேஸ் சொல்றவங்க எல்லாம் கதையா சொல்றாங்க, கதைல எல்லாருமே நல்லாத்தான் கவுன்சலிங் பண்றாங்க. அப்புறம் செஷனைப் பதிவு பண்ணிக் கேக்கலாமான்னு யோசிச்சோம். அதுக்குக் கிளையண்டோட எழுத்துப்பூர்வமான சம்மதம் வேணும், எப்படிப் பத்திரமா வெக்கறது, எப்ப அழிக்கறது எல்லாம் தீர்மானிக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல போடற சமாச்சாரம் இல்ல அது. சின்ன ஊர்ல குரலை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க. விட்டுட்டோம்.

கடைசில நின்னது, நடிக்கறது. ஒருத்தர் கிளையண்ட், ஒருத்தர் சிகிச்சையாளர், மத்தவங்க பாக்கணும். இருபது நிமிஷம். நிஜக் கேஸை அப்படியே எடுக்கக் கூடாது, ரெண்டு மூணைக் கலந்து புதுசா ஒரு ஆளை உண்டாக்கணும். தமிழ்லதான் பேசணும், நாம நிஜமா பேசற தமிழ்ல.

முதல் சில வாரம் சிரிச்சே செத்தோம். யாரும் சிகிச்சையாளரா உக்கார மாட்டேன்னாங்க. கிளையண்டா நடிக்க அடிதடி. சிவகங்கைக்காரம்மா அழற மாதிரி நடிச்சா, பின்னாடி அவங்க மாமியார் பதறிப்போய் "யாரு என்ன சொன்னா?"ன்னு தண்ணிச் சொம்போட ஓடி வர்றாங்க. வீட்டுல தனி ரூம் இல்லாத ஒருத்தர் கார்க்குள்ள உக்காந்துதான் சேருவார். வாட்ச்மேன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போவார்.

ஆனா சிரிப்பு அடங்கினப்புறம் ஒரு நாள் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. சிகிச்சையாளரா உக்காந்தவர் கேட்டார்: "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" கேட்டுட்டு ஒரு நொடிகூட விடல. "கோவமா? வருத்தமா?" எதிர்ல இருந்தவர் "ஆமாங்க, வருத்தம்தாங்க"ன்னார். கேள்வி கேட்டவர் தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். முடிஞ்சப்புறம் கிளையண்டா நடிச்சவர்கிட்ட கேட்டோம், நிஜமாவே வருத்தமா இருந்துச்சான்னு. "இல்ல, அசிங்கமா இருந்துச்சு. ஆனா ரெண்டுல ஒண்ணு கேட்டாங்க, படிச்சவங்க, மறுத்துச் சொல்லக் கூடாதுன்னு வருத்தம்னுட்டேன்."

அன்னிக்கு எங்க எல்லாருக்கும் வாய் அடைச்சுப் போச்சு. நம்ம ஊர்ல டாக்டர், டீச்சர், மேடம் முன்னாடி "ஆமாங்க"ங்கறது மரியாதை. சம்மதம் இல்ல. நாம மூணு வாய்ப்பு குடுத்தா மூணுல ஒண்ணை மரியாதைக்கு எடுத்துக்குவாங்க, நாமளும் நோட்டுல எழுதி வெச்சுக்குவோம். அதுலேருந்து யாராவது விடையோட சேத்து கேள்வி கேட்டா, பாக்கறவங்க கையைத் தூக்கணும்னு ஒரு விதி. முதல் வாரம் கை இறங்கவே இல்ல. இப்ப அபூர்வமாத்தான் தூக்கறோம். இது எந்த ஸ்லைடுலயும் வரல. எழுதினாலும் படிச்சுட்டு "ஆமா, சரிதான்"னு போயிருப்போம்.

பிரிட்டன்ல உளவியலாளர்களைப் பதிவு பண்ற எச்சிபிசின்னு ஒரு அமைப்பு இருக்கு. அவங்க மணிக்கணக்கும் கேக்கறதில்ல, புள்ளியும் கேக்கறதில்ல. 2 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கும்போது ஒவ்வொரு தொழில்லயும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் மாதிரி எடுக்கறாங்க. எடுத்து, என்ன கத்துக்கிட்ட, அதனால உன் வேலை எப்படி மாறுச்சு, உன்கிட்ட வர்றவங்களுக்கு என்ன பிரயோஜனம்னு ஆதாரத்தோட எழுதச் சொல்றாங்க. இங்க அதை அப்படியே கொண்டுவந்தா, எழுதிக் குடுக்கறதுக்கு ஜெராக்ஸ் கடை வாசல்ல ஒரு டேபிள் போட்டுடுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

நான் கவுன்சிலுக்கு எழுதலாம்னு இருக்கேன். பெருசா ஒண்ணும் இல்ல. மொத்தப் புள்ளில ஒரு பங்காவது சின்னக் குழு மேற்பார்வைக்கும், செஞ்சு காட்டறதுக்கும் ஒதுக்குங்க. ஒரு ஜூம் அறைக்கு இத்தனை பேருக்கு மேல கூடாதுன்னு வரம்பு வைங்க. சாட்டை மூடி வைங்க (இது என் சொந்த ஆசை). பதில் வருமான்னு கேட்டா, ஃபீட்பேக் லிங்க் வேணா வரும்.

நிறையப் பேர் மெயில்ல கேக்கறது, எந்த கோர்ஸ் சேரலாம் அக்கான்னு. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா விளம்பரம்பீங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நான் பேசறதை யாராவது கேப்பாங்களா?" எதிர்முனைல "கடைசில கேள்வி பதில் நேரம் இருக்கு மேடம்"னு சொன்னாங்கன்னா, அது பேச்சுக் கச்சேரி. கச்சேரிக்குப் போகக் கூடாதுன்னு இல்ல, புள்ளி வேணும்னா போங்க, நானும் போவேன். சைக்காலஜி படிச்ச புள்ளைங்க ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பாத்துக்கோங்க, ஆர்சிஐ பதிவுக்கு வழி விடற படிப்பு வேற, சுவத்துல மாட்டற சர்டிபிகேட் வேற. ரெண்டு நாள் கோர்ஸ் எதுவும் முதல் ரகத்துல வராது.

வர்ற வியாழக்கிழமை எங்க குழுவுல புதுக் கேஸ். மகனைக் கவுன்சலிங்குக்குக் கூட்டிட்டு வந்துட்டு மகனை ஒரு வார்த்தை பேச விடாத அப்பா. அப்பா வேஷம் எனக்கு. ஒத்திகைக்காக இப்பல்லாம் கல்யாண வீட்டுல எங்க பெரியப்பா பக்கத்துலயே உக்காந்துக்கறேன். அவர் என்னவோ எனக்குத் திடீர்னு பாசம் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டிருக்கார்.